டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் கவனம் வேண்டும்

போதைப் பழக்கத்துக்கு மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ தங்கிச் சிகிச்சை எடுத்தவர் வீடு திரும்பும் நாளை, குடும்பங்கள் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்கின்றன. கண்டம் தாண்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் ஹெராயின், மார்ஃபின், அந்த இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகள் என்று ஓபியாய்டு வகையில் சிக்கியவர்களுக்கு உயிராபத்து கூடுதலாக இருப்பதே அந்த நாளிலிருந்து வரும் சில வாரங்களில்தான். எங்கள் குடும்பத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை. மையத்தில் சொல்லவில்லை. போதையைப் பற்றிய செய்திகளை வீட்டில் எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருந்தோம். அவற்றிலும் இது இல்லை. இன்று இதே நிலையில் இருக்கும் வேறொரு வீட்டுக்காவது போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இது அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது. வலி போன பிறகும் மாத்திரை நிற்கவில்லை. மாத்திரை கிடைக்காமல் போனபோது ஹெராயினுக்குப் போனான். எப்படி ஆரம்பித்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு அடுத்தவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன். அவன் நிறுத்த முயன்ற பிறகு நடந்ததுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

முதலில் சேர்த்த மையம் மருந்தே இல்லாமல் குணப்படுத்துவதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. முதல் வாரம் வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைகிற வலி, தூக்கமே கிடையாது. அதெல்லாம் தானாக அடங்கியது. பிறகு வகுப்புகள், அறிவுரை, ஒழுங்கான நேரத்துக்குச் சாப்பாடு. உடம்பு தேறி, முகத்தில் களை வந்து வீட்டுக்கு வந்தான். வெளியே அனுப்பும்போது அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதிகூடக் கொடுக்கவில்லை. மனஉறுதியோடு இருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் அவனுக்குச் சில நாட்கள் முன்னதாக வெளியே போனார். கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். அவர் எடுத்தது புதிதான எதுவும் இல்லை, கூடுதலான அளவும் இல்லை. மையத்துக்குள் வருவதற்கு முன்னால் தினமும் எடுத்துக்கொண்டிருந்த அதே அளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓபியாய்டு தொடர்ந்து உள்ளே போனால் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. முதலில் கிறங்கவைத்த அளவு அப்புறம் உறைப்பதே இல்லை. அளவு ஏறிக்கொண்டே போகிறது. நிறுத்தினால் அந்தத் தாங்குசக்தி சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கி, சில வாரங்களில் பெருமளவு போய்விடும். ஆனால் ஆசை அந்த வேகத்தில் இறங்காது. “என் அளவு இது” என்று மனதில் பதிந்ததும் மாறாது. ஒரு மோசமான நாளில் பழைய அளவை எடுத்தால், மூச்சை நடத்துகிற மூளைப்பகுதி மந்தமாகி மூச்சு நின்றுபோகிறது. சிறையிலிருந்து வெளிவருகிறவர்களுக்கும் இதேதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்து அளவு மீறி இறக்கும் அபாயம், அந்த மாநிலத்தின் மற்ற மக்களோடு ஒப்பிடும்போது 129 மடங்காக இருந்தது.

அந்த இளைஞரின் மரணம் செய்தியாக வந்தது. வயது, தெரு, கையில் ஊசி இருந்தது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பது உட்பட எல்லாம் இருந்தது. சிகிச்சை எடுத்தும் திருந்தவில்லை என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். தாங்குசக்தி இறங்கிப்போன ஓர் உடம்பைத் தொடர் மருந்தும் தொடர் கவனிப்பும் இல்லாமல் அனுப்பிவைத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று அந்தப் பத்திரிகையைப் படித்த வீடுகளில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அப்படியான மையங்களிலிருந்து திரும்பியிருப்பார்கள். அவர்களில் ஒரு அம்மாவுக்காவது உதவியிருக்கக்கூடிய தகவல் அந்த ஒன்றுதான்.

தம்பியும் மறுபடி விழுந்தான். உயிர் தப்பியது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் போன மனநல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே புப்ரெனார்ஃபின் பற்றிப் பேசினார். இதுவும் ஓபியாய்டுதான். ஆனால் மூளையில் ஹெராயின் போய் உட்காருகிற அதே ஏற்பியில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டு, அதை ஓரளவுக்கு மட்டும் தூண்டும். போதையை நிறுத்தும்போது வரும் விலகல் அவஸ்தை அடங்கும், ஆசை தணியும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் விளைவு ஏறாது. மேலே ஹெராயின் எடுத்தாலும் அது பெரிதாக வேலை செய்யாது.

தொடங்கும் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல பேர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே புப்ரெனார்ஃபின் கொடுத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; விலகல் அவஸ்தை ஒரேயடியாக வந்து தாக்கும். அதனால் அவஸ்தை தானாக ஆரம்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஹெராயின் போன்றவற்றுக்குப் பொதுவாக 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம். இதேபோல் தொடர் மருந்தாகக் கொடுக்கும் இன்னொரு ஓபியாய்டான மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்தால் அதைவிட நீளும். தம்பி மருத்துவமனை நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகுகிறது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது. செவிலியர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து நாடி பிடித்து, கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டு போனார். “இப்பவே கொடுக்கச் சொல்லுக்கா” என்று கெஞ்சினான். மதிப்பெண் போதுமான அளவு ஏறிய பிறகுதான் மாத்திரை கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, போர்வையை விலக்கிவிட்டுச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பல மருத்துவமனைகளில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மாத்திரை முழுக்கக் கரைந்த பிறகு வாயைத் தண்ணீரால் நன்றாக அலசி விழுங்க வேண்டும். பல் துலக்குவதற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வாயில் கரையும் புப்ரெனார்ஃபினால் பற்கள் கெடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரிக்கை வெளியிட்டது. பல்லுக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் அதே எச்சரிக்கையில் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” இந்தக் கேள்வியை அப்பா கேட்டார், சித்தப்பா கேட்டார், தம்பியின் அலுவலகத்தில் விஷயம் தெரிந்த ஒரே நண்பரும் கேட்டார். நான் அவர்களுக்குச் சொன்னது ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வை. 2003-இல் வெளியானது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் முழுக்கத் தினமும் புப்ரெனார்ஃபின். மற்ற 20 பேருக்கு ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அப்புறம் மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆலோசனை, குழுச் சந்திப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வருடக் கடைசியில், மருந்து கிடைத்தவர்களில் 100-க்கு 75 பேர் சிகிச்சையில் நீடித்திருந்தார்கள். வெற்று மாத்திரை கிடைத்த 20 பேரில் ஒருவர்கூட நீடிக்கவில்லை. நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் தம்பி மாத்திரை போட்டுவிட்டானா என்று விசாரிக்கிறவர் அவர்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோனைத் தொடர் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1965-இலேயே வெளிவந்தன. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. 1990-களின் நடுவில் பிரான்ஸ், சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதிக்கொடுக்க வழிசெய்தது. அதைத் தொடர்ந்த சில வருடங்களில் அங்கே அளவு மீறிய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இவ்வளவுக்குப் பிறகும் மருந்தில்லாமல் மீண்டவரைத்தான் பேட்டி எடுக்கிறார்கள். மருந்தோடு பத்து வருடமாக வேலைக்குப் போய், வரி கட்டி, பிள்ளை வளர்க்கிறவர் செய்தியில் வருவதே இல்லை.

எப்போது நிறுத்தலாம்? இதுவும் எல்லோரும் கேட்பது. அவசரப்படாதீர்கள் என்பதுதான் நான் கண்டது. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் வருடத்துக்கு 1,000 பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள். மருந்தை விட்ட பிறகு அது சுமார் 36 ஆனது. நிறுத்திய முதல் நான்கு வாரங்கள் குறிப்பாக மோசம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் எப்போது நிறுத்தப்போகிறாய் என்று யாரும் மாதாமாதம் கேட்பதில்லை. தம்பியிடமும் கேட்க வேண்டாம் என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அவனும் மருத்துவரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் ஓபியாய்டு பற்றியது. குடியையும், தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை வகைகளையும் பல காலம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு வரலாம், சித்தம் தடுமாறலாம், உயிரே போகலாம். ஓபியாய்டை நிறுத்தும் அவஸ்தை கொடுமையானது, ஆனால் அதுமட்டுமே உயிரைக் கொண்டுபோவது அரிது. மதுவில் அப்படி இல்லை. வீட்டில் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தவைக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சரி, மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது? கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்க்காதீர்கள். முழுநேர மருத்துவர் இருக்கிறாரா, புப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ கொடுப்பார்களா, வெளியே வரும் நாளில் அடுத்த சந்திப்புத் தேதியும் மருந்தும் கையில் கொடுத்து அனுப்புவார்களா என்று கேளுங்கள். நடுவில் மறுபடி எடுத்துவிட்டால் வெளியேற்றுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். நோயின் அறிகுறி தென்பட்டதற்காக நோயாளியை வெளியே அனுப்பும் இடம் எனக்கு மருத்துவம் பார்க்கும் இடமாகத் தெரியவில்லை. குணமாவதற்கு நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பூட்டிவைப்பார்களா, அடிப்பார்களா என்றும் சங்கடப்படாமல் கேட்க வேண்டும். ஏற்கெனவே தங்கியிருந்தவர்களிடம் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

வர மறுக்கிறவரை என்ன செய்வது என்று நிறைய அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குற்றப்பத்திரிகை வாசிக்கும் முறை திரைக்கதைக்கு நன்றாக இருக்கும். குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். அப்படிச் சுற்றிவளைக்கும் முறையில், மறுத்துக்கொண்டிருந்தவர்களில் 100-க்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினரை ஆதரவுக் கூட்டங்களுக்கு அனுப்பிய முறையில் 13 பேர். கிராஃப்ட் என்ற பயிற்சியில் 64 பேர். அந்தப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதன் சாரம்: போதையில்லாத நேரத்தில் அவரோடு இருப்பதை இனிமையாக்குங்கள், போதையில் இருக்கும்போது சண்டை போடாமல் விலகிவிடுங்கள், போதையின் விளைவுகளை அவருக்காக நீங்கள் சுத்தம் செய்யாதீர்கள், அவரே சலித்துப்போய்ப் பேசும் தருணத்தில் சிகிச்சையைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தத் தருணம் வரும்போது மருத்துவரின் எண்ணும் நேரமும் தயாராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு விடியற்காலையில் வந்தது. “யாரையாவது பார்க்கலாமா?” என்று அவனே கேட்டான். அன்று மதியமே பார்த்துவிட்டோம். நாலு நாள் கழித்து என்றிருந்தால் அந்த மனம் இருந்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கொள்கை பற்றி என் எண்ணம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. ஒருவர் கதவைத் தட்டும் அன்றைக்குக் கதவு திறக்கிறதா? சட்டம் கடுமையா மென்மையா என்பதைவிட இதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். 2024-ஆம் ஆண்டின் ஐ.நா. உலகப் போதைப்பொருள் அறிக்கையின்படி, போதைமருந்துக் கோளாறு உள்ளவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் நாம் படிக்கிற செய்திகளில் கணக்கெல்லாம் பிடிபட்ட கிலோ, கைதானவர்களின் எண்ணிக்கை, சரக்கின் சந்தை மதிப்பு. மேஜை மேல் பொட்டலங்களை அடுக்கி, பின்னால் அதிகாரிகள் நிற்கும் படம். எத்தனை பேர் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. கேட்காத கணக்கை எந்த அரசும் தானாக முன்வந்து கொடுக்காது.

போர்ச்சுகலைப் பற்றி ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அங்கே போதைப்பொருளைச் சட்டப்படி விற்கலாம் என்று ஆக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. 2001 ஜூலையிலிருந்து, சொந்தப் பயன்பாட்டுக்காகப் பத்து நாளைக்கு உட்பட்ட அளவு வைத்திருந்தால் அது குற்ற வழக்காகாது. ஆனால் தடை நீடிக்கிறது. பொருள் பறிமுதலாகும், மூன்று பேர் கொண்ட குழுவின் முன் போய் நிற்க வேண்டும். அவர்கள் பேசிப் பார்த்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள், அபராதமும் போடலாம். கடத்தலும் விற்பனையும் இன்றும் சிறைக்குரிய குற்றம். அதோடு சேர்த்து மெத்தடோனும் சிகிச்சை மையங்களும் விரிவாக்கப்பட்டன. ஊசியால் பரவும் புதிய எச்.ஐ.வி. தொற்று மிகப் பெரிய அளவில் குறைந்தது. சட்டத்தை மாற்றியது பாதி வேலை, மீதி வேலை அந்த மையங்கள்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரியிலிருந்து சிறிய அளவில் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு கொடுப்பார்கள். ஓர் உதவி எண்ணை அழைத்துப் பேசினால் அது தள்ளுபடி. அழைத்தவர்கள் சொற்பம். சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் மையங்களுக்குப் போய்ச் சேரவே வெகுகாலம் ஆயிற்று. அதே நேரத்தில், ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற ஓபியாய்டு அந்த மாநிலத்துக்குள் வந்து இறங்கியது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். தண்டனையை எடுத்ததால்தான் தோற்றது என்று ஒரு தரப்பு சொல்கிறது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே பலகையை மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

செய்தி எழுதும் விதம் சட்டம் வரை போய்த் தாக்கும் என்பதற்கு 1986 ஒரு சாட்சி. அந்த வருடம் ஜூன் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தேர்வான இரண்டாவது நாளே லென் பயஸ் என்ற 22 வயதுக் கூடைப்பந்து வீரர் கோகெயினால் இறந்தார். அவர் எடுத்தது தூள் கோகெயின். ஆனால் அப்போது எங்கும் கிராக் எனப்படும், புகைக்கும் கட்டி கோகெயின் பற்றியே பேச்சு. இதுவும் கிராக் மரணம் என்றே பரவியது. அக்டோபரில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஐந்து கிராம் கிராக்கை விற்பதற்காக வைத்திருந்தால் கிடைக்கும் அதே ஐந்து வருடக் குறைந்தபட்சச் சிறைக்கு, தூள் கோகெயின் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த 100-க்கு 1 என்ற விகிதத்தை 18-க்கு 1 ஆகக் குறைக்க 2010 வரை ஆயிற்று. நான்கு மாதப் பரபரப்பு, 24 வருடச் சட்டம்.

அதற்கும் முன்னால் 1980-இல் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் எழுதிய கட்டுரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயினுக்கு அடிமையாக இருப்பதாகச் சொன்னது. நகரமே பதறியது, காவல்துறை அந்தப் பையனைத் தேடியது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அப்படி ஒரு பையனே இல்லை என்பது அதற்கப்புறம்தான் வெளிவந்தது. பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். போதையைப் பற்றி எவ்வளவு கொடூரமாக எழுதினாலும் நம்புவதற்கு நாம் தயாராக இருக்கிறோம் என்பதுதான் அதில் என்னை இன்றும் உறுத்துகிறது.

இப்போதைய உதாரணம் ஃபென்டனில். தொட்டாலே மயங்கி விழுவார்கள் என்று எத்தனையோ காணொளிகளும் செய்திகளும் வந்தன. அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் 2017-லேயே கூட்டறிக்கை வெளியிட்டு, தற்செயலாகத் தோலில் படுவதால் விஷமேறுவது மிக மிக அரிது என்று விளக்கின. இந்தப் பயம் சாதாரண விஷயம் இல்லை. கீழே கிடப்பவரைத் தொட ஒருவர் தயங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் மூளைக்கு ஆக்சிஜன் நின்றுபோகிறது.

அதனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். உலுக்கினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது அல்லது குறட்டை போலக் கரகரக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கின்றன, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் ஓபியாய்டு அளவு மீறியிருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நாலக்சோன் இருந்தால் கொடுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஊசியாகவும் கிடைக்கிறது. அவர் ஓபியாய்டு எடுக்கவில்லை என்றாலும் அதனால் கெடுதல் இல்லை. மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். நாடியும் இல்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவி வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எழவில்லை என்றால் இன்னொரு நாலக்சோன். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாலக்சோனின் வேலை 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் தேய்ந்துவிடும், உள்ளே இருக்கும் போதைமருந்து மறுபடி மூச்சை நிறுத்தலாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, உப்புக் கரைசல் ஏற்றுவது, நடக்கவைப்பது எதுவும் உதவாது. போதைமருந்து எடுப்பவரைச் சூழ்ந்திருப்பவர்களுக்கும் குடும்பத்துக்கும் நாலக்சோன் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உதவிக்கு அழைத்தால் காவல்துறையும் சேர்ந்து வருமோ என்ற பயத்தில் நண்பர்கள் ஓடிவிடுவது எங்கும் நடக்கிறது. அழைத்தவரையும் விழுந்தவரையும் சிறு அளவு வைத்திருந்ததற்காக வழக்கில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ 2007-இல் சட்டம் போட்டது; பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் அழையுங்கள். வழக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி ஒருமுறை ஒரு நிருபரிடம் பேசினான். மருந்தோடு வாழ்வதைப் பற்றி யாராவது எழுதட்டும் என்ற ஆசையில்தான் ஒப்புக்கொண்டான். நிருபர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர். படம் எடுக்க வந்தவர் இருட்டில் சுவரோரம் குனிந்து உட்காரச் சொன்னார். கையில் பிடித்துக்கொள்ள ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சும் கொண்டுவந்திருந்தார். தம்பி மறுத்துவிட்டான். ஊசியின் படத்தைப் பார்த்தாலே பலருக்கு ஆசை கிளம்பும், மீண்டுகொண்டிருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று விளக்கினான். கடைசியில் அவன் வேலை செய்யும் மேஜையில் பின்பக்கமாக எடுத்தார்கள்.

இப்படிப் பேட்டி கேட்டு வந்தால் உடனே சம்மதிக்காதீர்கள், உடனே மறுக்கவும் வேண்டாம். பெயர், முகம், வேலை செய்யும் இடம் இவற்றில் எது வரலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இணையத்தில் வந்தது வேலைக்கு எடுப்பவர் கண்ணிலும் பல வருடம் கழித்துப் படும். எவ்வளவு எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்ற விவரத்தைச் சொல்லாதீர்கள்; அது யாருக்கும் பயன்படாது, சிலருக்குக் கெடுதல். நீங்கள் சொன்ன வாக்கியங்களை மட்டுமாவது வெளியாகும் முன் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். தலைப்பு வைப்பவர் பெரும்பாலும் வேறொருவர் என்பதால், எந்த மாதிரித் தலைப்பு வேண்டாம் என்பதையும் சொல்லி, ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு எங்கே போவது என்ற தகவலைக் கட்டுரையின் கடைசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சேர்க்கிறார்கள்.

பேட்டி கொடுத்த அன்றும் கட்டுரை வெளியான அன்றும் அவரோடு யாராவது இருங்கள். பழைய கதையை மணிக்கணக்காகச் சொல்லி முடித்தவனுக்கு அன்று ராத்திரி பழைய ஆசை முழு வேகத்தில் வந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். காலையில் மருத்துவரிடம் போனோம், அவர் மருந்தளவைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிக்கொடுத்தார், அங்கிருந்தே அவன் வேலைக்குப் போனான்.